சுவரில் ஒரு சுவிட்ச்: தருமபுரிக்கு மின்விசிறி வந்த கதை

சித்திரை மாத மதியம். தருமபுரி பேருந்து நிலையத்தில் இறங்கி, வெயிலில் நடந்து வீடு வந்து சேரும் ஒருவர் முதலில் செய்யும் வேலை என்ன? தண்ணீர் குடிப்பதா? இல்லை. செருப்பைக் கழற்றியதுமே கை தானாகச் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தேடிப் போகும். ‘டக்’ என்று ஒரு சத்தம். தலைக்கு மேலே மூன்று இறக்கைகள் சுற்ற ஆரம்பிக்கும். அப்பாடா!

இந்த ஒரு ‘டக்’ சத்தத்துக்குப் பின்னால் 200 ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. வெளித் திண்ணையில் உட்கார்ந்து கயிறு இழுத்த கூலி ஆட்கள், அமெரிக்காவில் தையல் மிஷின் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பொறியாளர், காவிரி ஆறு, 1956ல் எழுதப்பட்ட ஒரு விதி என்று எல்லாமே அதில் வருகின்றன.

கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. சுவிட்சை அணைத்தால் ஃபேன் நின்றுவிடுகிறது, சரி. கரண்டும் நின்றுவிடுகிறதா?

"இது என்ன கேள்வி? நின்றுதானே ஆக வேண்டும்!" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அப்படிக் கட்டாயம் இல்லை என்பதுதான் உண்மை. அந்தப் பதிலைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

கயிறு இழுத்த காலம்

மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்ததும், 1792ல், திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதில் அடக்கம். அதை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீட் நியமிக்கப்பட்டார். அவருக்குக் கீழே பணியாற்றிய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் கவர்னர் ஆனாரே, அதே மன்றோதான். 1799 வரையிலான அந்த ஆண்டுகளில் அவர் தருமபுரியில் தங்கி நிலவரி வேலைகளைப் பார்த்தார்.

மன்றோ காலத்துத் தருமபுரியில் மின்சாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊர் மக்களுக்குப் பனையோலை விசிறி, வேப்பமர நிழல். ஆங்கில அதிகாரிகள் மட்டும் இந்தியாவெங்கும் தங்கள் பங்களாக்களில் வேறு ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அதன் பெயர் ‘பங்கா’. ஒரு நீளமான மரச்சட்டத்தில் துணியைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள். அதில் ஒரு கயிற்றைக் கட்டி, சுவரில் போட்ட துளை வழியாக வெளித் திண்ணைக்குக் கொண்டு போவார்கள். அங்கே ஒரு கூலி ஆள் உட்கார்ந்து அந்தக் கயிற்றை இழுத்து இழுத்து விடுவார். உள்ளே இருப்பவருக்குக் காற்று வரும்.

இந்தியக் கோர்ட்டுகளிலும் கச்சேரிகளிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பங்கா ஆடிக்கொண்டிருந்தது. இரவெல்லாம் கயிறு இழுக்கும் ஆள் கண் அசந்தால் காற்று நின்றுவிடும். அதற்காக அடி வாங்கியவர்களும் உண்டு. உள்ளே இருப்பவருக்குச் சுகம், வெளியே இருப்பவருக்குக் கை வலி. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர், அதில் ஒரு துளை.

பங்காவின் கயிறு சுவரில்தான் முடிந்தது. இன்றைய மின்விசிறியின் கட்டுப்பாடும் சுவரில்தான் இருக்கிறது. இடம் மாறவில்லை, இழுக்கும் ஆள்தான் மாறிவிட்டார்!

தையல் மிஷினும் நியூகாசில் சுவிட்சும்

பிலிப் டீல் என்பவர் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். சிங்கர் தையல் மிஷின் கம்பெனியில் வேலை பார்த்தார். தையல் மிஷினை ஓட்ட ஒரு சிறிய மின்மோட்டாரை உருவாக்கியவர், அதே மோட்டாரைக் கூரையில் தொங்கவிட்டு இறக்கைகளை மாட்டிப் பார்த்தார். இப்படி 1880களில் பிறந்ததுதான் மின்சார சீலிங் ஃபேன். 1889ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பவர் வேறு ஒரு பிரச்சினையோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். அன்றைய சுவிட்சுகளில் இரண்டு உலோகத் துண்டுகளைக் கையால் மெதுவாகப் பிரிப்பார்கள். அப்படிப் பிரிக்கும்போது, விட்டுப் போக மனமில்லாதது போல, மின்சாரம் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறியாகப் பாயும். கொஞ்ச நாளில் சுவிட்ச் கருகிவிடும், சில நேரம் தீப்பிடிக்கவும் செய்யும். ஹோம்ஸ் 1884ல் கண்ட வழி எளிமையானது. கை எவ்வளவு மெதுவாகத் தட்டினாலும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் உலோகத் துண்டுகளைச் சட்டென்று பிரித்துவிட வேண்டும். தீப்பொறி வளர நேரமே கிடைக்காது.

இன்றைக்கு வீட்டுச் சுவிட்சில் கேட்கும் அந்த ‘டக்’ சத்தம் இந்த ஸ்பிரிங் தாவும் சத்தம்தான். சத்தம் மங்கி, சுவிட்ச் தொளதொளவென்று ஆனால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

காவிரியிலிருந்து வந்த கரண்ட்

இந்தியாவில் கல்கத்தா நகருக்கு 1899ல் மின்விநியோகம் தொடங்கியது. சென்னையில் அதற்கு முன்பே, 1895ல், மின்சார டிராம் ஓடியது. ஆனால் நகரத்து மின்சாரம் நகரத்தோடு நின்றுவிட்டது. தருமபுரி போன்ற உள்பகுதிகளுக்கு ஆறுதான் வழிகாட்ட வேண்டியிருந்தது.

வரைபடத்தை எடுத்துக் காவிரியைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஒகேனக்கல்லுக்கு மேலே, மைசூர் சமஸ்தானத்தில், சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து 1902லேயே மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். ஒகேனக்கல்லுக்குக் கீழே மேட்டூரில் 1925ல் அணை வேலை தொடங்கி 1934ல் முடிந்தது. அந்த அணையின் அடியில் 1937ல் மின் உற்பத்தி ஆரம்பமானது. மேட்டூர் நீர்த்தேக்கம் நிரம்பினால் தண்ணீர் பென்னாகரம் வட்டம் வரை நீண்டு நிற்கும். ஆற்றின் மேற்புறமும் கீழ்ப்புறமும் மின்சாரம் எடுத்தார்கள், நடுவில் இருக்கும் ஒகேனக்கல்லில் மட்டும் நீர்மின் நிலையம் இன்றுவரை அமையவில்லை!

மின்சாரம் உற்பத்தியாவது வேறு, ஊருக்குள் வருவது வேறு. முதலில் நகரங்களும் ஆலைகளும் கரண்டைக் கண்டன. 1957 ஜூலை 1ஆம் தேதி மாநில மின்சார வாரியம் அமைக்கப்பட்ட பிறகுதான் கிராமங்களுக்குக் கம்பங்கள் வேகமாக நடப்பட்டன. அப்போது தருமபுரி சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. 1965 அக்டோபர் 2ல்தான் அது தனி மாவட்டம் ஆனது. அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004ல் பிரிந்தது.

மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசனமும் நிறைந்த பூமி இது. தமிழ்நாட்டில் கம்பி கிராமத்துக்குள் நுழைந்ததற்குப் பெரிய காரணம் கிணற்று மோட்டார். முதலில் கிணற்றுக்கு மோட்டார், பிறகு வீட்டுக்கு ஒரு குண்டு பல்பு. ஃபேன் என்பது அதற்கும் பிறகு, கையில் நாலு காசு சேர்ந்தபோது வந்த வசதி. கல்யாணச் சீரில் கட்டில், பீரோவோடு ஒரு சீலிங் ஃபேனும் சேர்ந்துகொண்டது அப்படித்தான்.

மரப்பட்டையும் உருண்டை சுவிட்சும்

பழைய வீடுகளுக்குள் போனால் இன்றும் அந்தக் கால வயரிங்கைப் பார்க்கலாம். சுவரில் ஆணி அடித்த மரப்பட்டை, அதன்மேல் ஓடும் வயர், வயரைப் பிடித்திருக்கும் சின்னச் சின்னத் தகரக் கிளிப்புகள். ஒரு மரப்பலகை, அதில் கறுப்பு பேக்லைட்டில் செய்த உருண்டை சுவிட்ச். பேக்லைட் என்பது லியோ பேக்லண்ட் கண்டுபிடித்த பிளாஸ்டிக். 1909ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. சூட்டில் உருகாது, மின்சாரத்தைக் கடத்தாது. சுவிட்சுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் ஏது?

அந்தச் சுவிட்சில் குமிழைக் கீழே தள்ளினால் ஃபேன் ஓடும், மேலே தள்ளினால் நிற்கும். அமெரிக்காவில் இதற்கு நேர் எதிர். இங்கே இருப்பது பிரிட்டிஷ் பழக்கம். ஆட்சி போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

உருண்டை சுவிட்சுக்குப் பிறகு பியானோ சுவிட்ச் வந்தது. கட்டைகள் வரிசையாக இருந்ததால் அந்தப் பெயர். பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு ரெகுலேட்டர். உள்ளே சுருள்சுருளாக மின்தடைக் கம்பி. ஃபேனை மெதுவாக ஓடவிட்டால், மிச்சப்பட வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கை அந்தக் கம்பி சூடாக மாற்றி வீணடிக்கும். தொட்டுப் பார்த்தால் சுடும்! பிறகு வந்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் அந்த வீணைக் குறைத்தது. இப்போது வயர்கள் சுவருக்குள் குழாயில் போய்விட்டன, சுவிட்சுகள் வழவழவென்று மாடுலர் ஆகிவிட்டன.

வெளித்தோற்றம் எவ்வளவு மாறினாலும் உள்ளே சுற்று ஒன்றுதான். பியூஸிலிருந்து வரும் பேஸ் வயர் முதலில் சுவிட்சுக்குப் போகும். அங்கிருந்து ரெகுலேட்டர், பிறகு கூரையில் இருக்கும் சீலிங் ரோஸ், பிறகு ஃபேன். நியூட்ரல் வயர் சுவிட்சைத் தொடாமல் நேராகச் சீலிங் ரோசுக்குப் போகும். மூன்றாவதாக, ஃபேனின் உலோக உடம்பிலிருந்து ஒரு எர்த் வயர்.

நிற்கும் ஃபேன், நிற்காத கரண்ட்

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது வரலாம்.

வீட்டுக்கு வரும் இரண்டு வயர்களில் ஒன்று பேஸ். நிலத்தோடு ஒப்பிட்டால் அதில் 230 வோல்ட் இருக்கும். இன்னொன்று நியூட்ரல். டிரான்ஸ்பார்மரிலேயே அதை நிலத்தோடு இணைத்திருப்பார்கள். ஃபேன் ஓட இரண்டும் வேண்டும். இதில் எந்த ஒன்றைத் துண்டித்தாலும் ஃபேன் நின்றுவிடும். சிக்கலே இங்குதான்!

சுவிட்ச் பேஸ் வயரில் இருந்தால், அணைத்ததும் ஃபேனுக்கு மேலே கரண்ட் போகாது. சுவிட்சைத் தவறுதலாக நியூட்ரல் வயரில் போட்டிருந்தால்? அணைத்ததும் ஃபேன் நிற்கும். பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் பேஸ் வயர் நேராகப் போய் ஃபேனின் காயில் முழுவதும் 230 வோல்ட்டோடு காத்துக்கொண்டிருக்கும். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறவர்கள் ஸ்டூல் போட்டு ஏறி, ஈரத்துணியால் ஃபேனைத் துடைப்பார்கள். உள்ளே காப்பு தேய்ந்து உலோக உடம்பில் பட்டிருந்தால், எர்த்தும் சரியில்லாமல் இருந்தால், நிலைமை என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

மற்றத் தவறுகள் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பியூஸ் போகும், பொறி பறக்கும், வாசனை வரும். இந்தத் தவறு மட்டும் பல வருடம் சத்தம் போடாமல் இருக்கும். "ஃபேன் சுத்துதுங்களாண்ணா?" "சுத்துதுப்பா, போதும் விடு" என்று வேலை முடிந்துவிடும். ஃபேன் சுற்றுவது வயரிங் சரி என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

இந்தத் தவறு எப்படி நேர்கிறது? இரண்டு வயரும் ஒரே நிறத்தில் இருந்தால் எது எது என்று குழப்பம் வரும். வயரிங் சரியாகவே செய்திருந்தாலும், வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரை அறுத்து மறுபடி இணைக்கும்போது பேஸும் நியூட்ரலும் இடம் மாறினால் போதும், ஒரே நாளில் வீட்டில் உள்ள அத்தனை சுவிட்சுகளும் நியூட்ரல் சுவிட்சுகள் ஆகிவிடும்.

மின்சாரம் வந்த தொடக்க காலத்தில் இரண்டு வயரிலுமே பியூஸ் போடும் பழக்கம் இருந்தது. இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்ததுதான். ஆனால் நியூட்ரலில் இருக்கும் பியூஸ் மட்டும் போய்விட்டால் வீடு முழுக்க இருட்டாகும், வயர்களில் உயிர் இருக்கும். பாதுகாப்புக்கு வைத்ததே ஆபத்தாக முடியும்.

இந்த அனுபவங்களின் சாரம்தான் 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 32ஆம் விதியாக இருந்தது. நிலத்தோடு இணைத்த நியூட்ரல் வயரில் தனியாகச் சுவிட்சோ பியூஸோ போடக்கூடாது, போட்டால் பேஸையும் சேர்த்து ஒரே நேரத்தில் துண்டிக்கும் சுவிட்சாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். அதே விதித்தொகுப்பின் 45ஆம் விதி, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலம், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில்தான் வயரிங் வேலை நடக்க வேண்டும் என்றது. பிறகு மத்திய மின்சார ஆணையம் 2010லும் 2023லும் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இந்தக் கொள்கைகள் தொடர்கின்றன. ஆக, சுவிட்ச் எந்த வயரில் இருக்க வேண்டும் என்பது கைப்பழக்கம் சார்ந்த விஷயமல்ல, சட்டம்!

இலவச ஃபேனும் ஒரு சின்னக் கணக்கும்

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கொடுத்தது டேபிள் ஃபேன். டேபிள் ஃபேனுக்கு ஒரு பிளக் பாயின்ட் போதும், ஓலை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் ஓடும். சீலிங் ஃபேனுக்கோ எடையைத் தாங்கும் கொக்கி, சுவிட்ச், ரெகுலேட்டர், தனி வயரிங் எல்லாம் வேண்டும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. டேபிள் ஃபேனின் பிளக்கைப் பிடுங்கினால் பேஸ், நியூட்ரல் இரண்டும் சேர்ந்தே விடுபடும். சீலிங் ஃபேனுக்கு அந்த வசதி இல்லை. அதன் பாதுகாப்பு முழுக்கச் சுவர் சுவிட்சை நம்பியே இருக்கிறது.

அடுத்த ஆண்டான 2012 எல்லோருக்கும் நினைவிருக்கும். சென்னைக்கு வெளியே மணிக்கணக்கில் மின்வெட்டு. சுவிட்ச் போட்டபடியே இருக்கும், ஃபேன் நின்றிருக்கும். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் "கரண்ட்தான் இல்லையே" என்று ஃபேனில் கை வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதை விளக்கத் தேவையில்லை.

2016 மே மாதம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. இதை ஒரு ஃபேனை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட். 60 நாளில் 54 யூனிட். அதாவது இலவசத்தில் பாதிக்கு மேல் ஒரே ஃபேன் சாப்பிட்டுவிடும்! இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட்தான். அதே ஓட்டத்துக்கு 60 நாளில் 21.6 யூனிட். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம் ஆகியிருக்கிறது. எனவே கடையில் பெட்டியைப் பார்த்தாலே எது சிக்கனம் என்று தெரிந்துவிடும்.

ஃபேன் மாற்றும்போது 32 யூனிட் மிச்சம் பார்க்கும் குடும்பம், அதே நாளில் சுவிட்ச் பேஸில் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டால் நல்லது. அதற்குப் பெரிய செலவு இல்லை. தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் டெஸ்டரையும் மீட்டரையும் வைத்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். சுவிட்சை அணைத்த பிறகும் ஃபேனுக்குப் போகும் வயரில் உயிர் இருந்தால் தவறு எங்கோ இருக்கிறது. மெயினிலிருந்து திருத்த வேண்டும். அதோடு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றை மெயின் போர்டில் பொருத்தச் சொல்லலாம். ஃபேனைத் துடைப்பதாக இருந்தாலும், கழற்றுவதாக இருந்தாலும், சுவர் சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயினை அணைப்பதுதான் முறை. ரெகுலேட்டரைப் பூஜ்யத்தில் வைப்பது அணைப்பதாகாது.

முடிவாக...

பங்கா காலத்தில் கயிறு நின்றால் காற்று நின்றது. ஏமாற்று எதுவும் இல்லை. இழுத்தவரின் கை ஓய்ந்தது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். மின்சாரம் அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரியாத அதை, கண்ணுக்குத் தெரியும் ஃபேனை வைத்து எடை போடுகிறோம். ஃபேன் நின்றால் கரண்டும் நின்றது என்ற அந்த நம்பிக்கை உண்மையாவதற்குத்தான் ஹோம்ஸின் ஸ்பிரிங், பேக்லைட், 32ஆம் விதி, வயர்மேனின் தகுதிச் சான்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

காவிரித் தண்ணீர் மேட்டூரில் விழுந்து மின்சாரமாகி, மலையும் காடும் தாண்டித் தருமபுரிக்கு வந்து, கடைசியில் ஒரு சின்னச் சுவிட்சில் வந்து நிற்கிறது. அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்பது மட்டும் அந்த வீட்டுக்காரர் பார்க்க வேண்டியது. அடுத்த முறை ‘டக்’ சத்தம் கேட்கும்போது இது ஒரு முறை நினைவுக்கு வந்தால் போதும்.